மேல்தாடை முன்னால் வந்த வருடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கேற்ற முகத்தையும் ஆண்டவன் கொடுத்திருக்கிறான். வாயை மூடினால் என் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே வந்து நிற்கும், தாடை முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கும். "சும்மா நின்னாலே சண்டைக்கு நிக்கிற மாதிரி கீது" என்பார் என் கணவர். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பும் துண்டும் சலவையும் என் பொறுப்பு. அங்கே இந்த முகம் எனக்கு ரொம்ப உதவி. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கறை போகாத விரிப்பைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் சலவை அறைக்குத் திரும்ப ஓடிவிடுவார்கள்.

ஆனால் அதே வாய் என் மகளுக்கும் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்த காலம் அது. மேலே இரண்டு பற்கள் எட்டிப் பார்த்தன. கீழே ஏற்கெனவே முளைத்திருந்தவை அவற்றுக்கு முன்னால் வேலி போட்ட மாதிரி நின்றன. "அப்படியே அம்மா வாயி!" என்று என் கணவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். அவர் வண்டி ஓட்டுகிறவர். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தோஷம்தான். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தேன். 

அந்த வாயோடு வாழ்ந்தவளுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கொய்யாவை முன்பல்லால் கடிக்க முடியாது. கடைவாயில் வைத்துத்தான் உடைக்க வேண்டும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். காதுக்கு முன்னால் தாடை சேரும் இடத்தில் மழைக்காலமானால் வலி. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், "பொண்ணு லட்சணம்தான், வாயத் தொறக்காத வரைக்கும்" என்று என் அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அடுத்து வந்தவர்தான் என் கணவர். நான் எதற்கோ சிரித்துவிட்டேன். "நல்லா சிரிக்குது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். பொறுமையான மனுஷி. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "சரியான வயசுல கூட்டிட்டு வந்திருக்கீங்கம்மா. எட்டு வயசுல எலும்பு நாம சொல்றதக் கேக்கும். பத்து தாண்டிட்டா கேக்காது. அப்புறம் பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருந்து தாடைய அறுத்து வைக்கிற ஆபரேஷன்தான்" என்றார்.

அறுத்து என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. மேல் அண்ணத்தில் ஒரு தகடு ஒட்டுவார்கள். அதன் நடுவில் ஒரு குட்டித் திருகு. அதை நான்தான் வீட்டில் தினமும் சாவியால் திருப்ப வேண்டும். பிறகு முகத்துக்கு ஒரு மாஸ்க். நெற்றியில் ஒரு பட்டை, தாடையில் ஒரு கிண்ணம், இரண்டையும் இணைக்கிற கம்பி. வாய்க்குள் இருக்கும் கொக்கியிலிருந்து அந்தக் கம்பிக்கு இரண்டு ரப்பர் பேண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து மறுநாள் காலை வரை மாட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் பிரயோசனமே இல்லை.

இவ்வளவு நேரம் மேஜை மேலிருந்த பிளாஸ்டர் பல்செட்டைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கினாள்.

"எங்கம்மாக்கும் இப்படித்தான கீது. அவங்களுக்கு இன்னா வியாதி?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வியாதி இல்லடா செல்லம். அமைப்பு." மகள் என்னைப் பார்த்தாள்.  "டாக்டர் பேசும்போது குறுக்க பேசாத" என்று அதட்டிவிட்டேன். எனக்குப் பதில் தெரியாவிட்டால் அதட்டல்தான் வரும்.

வீட்டில் ஆரம்பித்தது கச்சேரி. திருகைத் திருப்புவதற்கு அவள் தகராறு செய்யவில்லை. வாயை அகலத் திறந்து படுத்துக்கொள்வாள், நான் டார்ச் அடித்துத் திருப்புவேன். "மெக்கானிக்கு" என்று எனக்குப் பெயர் வைத்தாள். ஆனால் மாஸ்க்கைக் கண்டால் போதும், வீட்டைச் சுற்றி ஓட்டம். மாட்டினால் எச்சில் வடிகிறது, பேசினால் புரியவில்லை, தாடையில் சிவந்து போகிறது. எல்லாம் உண்மைதான். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன். மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

"வுடேன்மே. கொழந்த மூஞ்சியப் பாரு" என்பார் என் கணவர்.

"பதினெட்டு வயசுல அறுக்கும்போது நீ போய் பக்கத்துல நில்லு" என்பேன். மனிதர் சத்தம் போடாமல் வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த முறை செங்கல்பட்டுக்குப் போனபோது டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "போடறதில்ல, இல்ல?" மகள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தாள். அவளைக் கோபிக்காமல் என்னிடம் சொன்னார்: "தகடு அதோட வேலையப் பண்ணி முடிச்சிருச்சு. இப்ப இழுத்தாத்தான் எலும்பு வரும். இந்தச் சில மாசத்த விட்டுட்டா நானும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் தாடை மட்டுமா ஒன்று, வீம்பும் ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் கருங்குழியில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அண்ணன் சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்துச் சரக்கு ஏற்றுகிறான். அவன் வீட்டில் முதல் விசேஷம், விடுவானா? ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் மண்டபச் சுவர் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து நிறுத்தியிருந்தான். எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் இல்லாமல் விசேஷம் இல்லை. பத்திரிகை வைக்க மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். ஃபிளெக்ஸில் முகம் விட்டுப்போனால் அடுத்த தலைமுறை வரை பேச மாட்டார்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் மதியம் நானும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அண்ணன் ஃபிளெக்ஸுக்குக் கீழேயே நின்று எங்களுக்காகக் காத்திருந்தான். முகமெல்லாம் பல்.

நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் குழந்தை, ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நாங்கள் எல்லாரும். எல்லாருக்கும் ஒரே நிறம், சுண்ணாம்பு அடித்த மாதிரி. ஆயுசில் கோட்டு போடாத என் கணவர் நீலக் கோட்டு போட்டு டை கட்டியிருந்தார். அவர் பக்கத்தில் அத்தை என்று எழுதி ஒரு பெண். என் புடவை, என் ஜிமிக்கி, என் கண். ஆனால் தாடை உள்ளே போயிருந்தது. உதடு சினிமாக்காரி உதடு மாதிரி அழகாகச் சேர்ந்திருந்தது. படத்தில் நான் கொஞ்சம் திரும்பி நின்றதால் தாடை தூக்கித் தெரிந்திருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே அதைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்.

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்கு ஜிவ்வென்று இருந்தது. அட, இப்படி இருந்திருப்பேனா நான் என்று வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்டி? ஈரோயினி கணக்கா கீற பாரு!" என்றான் அண்ணன்.

என் மகள் ஒவ்வொரு முகமாக விரல் நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா கீறாரு. நான் கீறேன். அம்மா எங்க மாமா?"

"தோ, அப்பா பக்கத்துல."

அவள் நெடுநேரம் பார்த்தாள். படத்தில் அவள் நேராக நின்றதால் அவள் முகத்தில் கடைக்காரர் கை வைக்கவில்லை. "அது அம்மா இல்ல" என்றாள்.

"அம்மாதான்மா. கடைக்காரன் கொஞ்சம் அழகு பண்ணிகீறான்."

அவ்வளவுதான். நடுரோடு என்றும் பார்க்காமல் என் மகள் கத்தினாள். "எங்கம்மா மூஞ்சிய எதுக்கு மாத்துனான்? யாரக் கேட்டு மாத்துனான்?" லாரிகள் போய்க்கொண்டிருந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அண்ணன் பாவம், ஃபிளெக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து விழித்தான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்தேன். அவள் ஓடவில்லை. கட்டிலில் கால் மடித்து உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள். "இனிமே போட மாட்டேன்."

"ஏன்டி?"

"போட்டா என் மூஞ்சியும் அத மாதிரி ஆயிடும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் பார்த்தா அம்மா பொண்ணுன்னு யாருக்கும் தெரியாது."

 இத்தனை மாதமாக வலி, எச்சில், வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னைப் போல இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த முகத்துக்காக நான் சின்ன வயதில் ஊரெல்லாம் ஒளிந்தேனோ அந்த முகத்துக்காக. அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அதன் பின்னாலேயே கோபம் வரும், வந்தது.

"எழுந்திரு, செருப்பு போடு. அண்ணே, வண்டிய எடு!"

ஃபிளெக்ஸ் கடை மதுராந்தகத்தில் இருந்தது. மாஸ்க்கைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, சரக்கு வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். அண்ணன் வழியெல்லாம், "அழகாத்தானம்மா பண்ணிகீறான், ஊர்ல இன்னா சொல்வாங்க" என்று முனகிக்கொண்டே ஓட்டினான். கடைக்காரர் கம்ப்யூட்டரில் யாருடைய கண்ணீர் அஞ்சலிக்கோ பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"என் தாடைய எங்கய்யா வச்ச? எடுத்துக் குடு" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மனம் புண்பட்டுப்போனார். "அக்கா, எல்லாரும் வந்து இன்னும் கொஞ்சம் அழகு பண்ணுன்னுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பண்ணத எடுன்னு வந்து நிக்கிறீங்க. உங்களுக்குன்னு தனியா உக்காந்து செஞ்சேன் அக்கா." குரலே தழுதழுத்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"வேலை நல்லாத்தான் இருக்குது. ஆள்தான் மாறிப்போச்சு. திருப்பிப் போட்டுக் குடுங்க."

புதிதாக ஒரு படம் எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். அதெல்லாம் வேண்டாம், இதையே சரி பண்ணுங்கள் என்றாள் மகள். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் என் தாடையை மவுஸால் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இன்னும் வரணும்."

இழுத்தார்.

"இன்னும். ஐயய்யோ, ரொம்ப வந்துச்சு! கொஞ்சம் பின்னாடி. உதடு அப்டி இருக்காது, கீழ் உதடு மேல ஏறி நிக்கும். ஆங். இப்பத்தான் அம்மா."

என் முகத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் படத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நல்லாத்தான் இருந்தது. கோபக்காரி மாதிரிதான் இருந்தேன், ஆனால் நல்லாத்தான் இருந்தது.

அவர் புதிதாக அடிக்க ஆரம்பித்தார். மெஷின் இடமும் வலமுமாக ஓடி எங்களைக் கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தது. அங்கேயே வாசல்படியில் அவளை உட்கார வைத்துப் பேசினேன்.

"இவர் கம்ப்யூட்டர்ல என் கீழ்த்தாடைய உள்ள தள்ளுனாரு. டாக்டரும் உன்னுத அப்படித்தான் தள்றாங்கன்னு நெனச்சியா?"

தலையாட்டினாள்.

"இல்லடி. உன் கீழ்த்தாடைய யாரும் தள்ளல. அது சரியாத்தான் கீது. மேல்தாடைதான் சோம்பேறி, பின்னாடியே நின்னுட்டுது. அத்த முன்னாடி வான்னு கூப்டுறாங்க. அவ்ளோதான்." டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு சொன்னதில் இது எனக்குள் எங்கோ தங்கியிருந்தது, நல்லவேளை.

அவள் யோசித்தாள். "அப்போ எதுக்கு கூப்டணும்? பின்னாடியே நிக்கட்டுமே."

"நான் கொய்யாக்கா தின்னு நீ பாத்துகிறியா?"

"கடைவாயில வச்சு உடைப்ப."

"மழைல காதுகிட்ட வலிக்குதுன்னு சொல்வேன்ல? அதெல்லாம் உனக்கு வேணாம்னுதான். என் மூஞ்சி புடிக்காம இல்ல." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

"நீ ஏன் சின்னதுல கூப்டல?"

"எனக்கு யாரும் சொல்லலடி."

அவள் என் பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்தாள். ரப்பர் பேண்டை அவளே கொக்கியில் மாட்டினாள். ஒன்று தெறித்து, அடித்து வாசலில் சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணீர் அஞ்சலிப் படத்தின் மேல் விழுந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மண்டபத்தில் அவளைச் சுற்றித்தான் கூட்டம். காது குத்திக்கொண்ட குழந்தையை யாரும் பார்க்கவில்லை. "இன்னா கண்ணு, ஆக்ஸிடெண்டா?" என்று கேட்ட கிழவர்களுக்கெல்லாம் எச்சிலைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "இல்ல தாத்தா, மேல்தாடைய இஸ்துகினு வர்றோம்." எங்கே இழுத்துக்கொண்டு வருகிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்கள். ஊருக்குள் திரும்பும் இடத்தில், புது ஃபிளெக்ஸில் என் தாடை ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. அன்று காலையில் வந்து சேர்ந்த என் கணவர் அதில் இருந்த தன் கோட்டுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாஸ்க்குக்காகச் சண்டை வரவில்லை. வேறு எதற்காவது வரும், அது வேறு விஷயம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவுவாள், மாட்டிக்கொள்வாள், வீட்டுப்பாடம் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மாட்டிக்கொண்டே அப்பாவோடு கடற்கரைக்குப் போவாள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நுரையோடு ஓடி வந்து வாயைக் காட்டினாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. பங்குனி வெயில் ஏறுவதற்குள் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. அன்றைக்கு நான் ரிசார்ட்டில் யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் டாக்டரம்மா மாஸ்க் போதும் என்றார். வளர வளரப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரிய பற்கள் எல்லாம் வந்த பிறகு கிளிப் போட வேண்டியிருக்கும், ஆனாலும் பெரிய வேலை முடிந்துவிட்டது என்றார். மகள் கண்ணாடியை வாங்கி நேராகப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.  அம்மா முகம் போய்விட்டதென்று நினைக்கிறாளோ என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு அம்மாள் ஏறி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கீரைக்கட்டு. என்னைப் பார்த்தாள், ஜன்னல் ஓரம் இருந்த மகளைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"உம் பொண்ணா? அப்படியே உன்ன உரிச்சு வச்சிகீதேம்மா."

மகள் சட்டென்று திரும்பினாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பல்லு மட்டும் வேற, ஆயா" என்றாள். "மத்ததெல்லாம் எங்கம்மா."

"வேறயா? எங்க, ரெண்டு பேரும் காட்டுங்க, பாப்போம்."

ஓடுகிற பஸ்ஸில், கண்டக்டர் டிக்கெட் கேட்டு நிற்க, நானும் என் மகளும் அந்த அம்மாளிடம் ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.